மேசை எப்படியிருக்கும் என்று தெரியாத பயணத்துக்கு எந்த ஸ்டாண்ட்? நான்கு வகைகளைப் பயன்படுத்திப் பார்த்த மதிப்பீடு

மடிக்கணினிக்கும் டெப்லட்டுக்கும் உரிய, மடித்துப் பையில் வைக்கக்கூடிய ஸ்டாண்டுகளைப் பற்றி இணையத்தில் வரும் மதிப்பீடுகளில் பெரும்பாலானவை, பயன்படுத்துபவர் குளிரூட்டப்பட்ட கோப்பிக் கடையொன்றில் அசையாத மரமேசையின் முன் அமர்ந்திருப்பார் என்ற எண்ணத்திலேயே எழுதப்படுகின்றன. மட்டக்களப்பில் வெளிக்கள வேலை செய்பவருக்கு அந்த மேசை வாய்ப்பதில்லை. காலையில் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) ஒரு கூட்டம், அது முடிந்ததும் படுவான்கரையில் ஏதாவது ஒரு கிராமத்தின் பலநோக்கு மண்டபம், பிற்பகலில் களுவாஞ்சிகுடியிலோ கல்முனையிலோ ஓர் அலுவலகத்தின் விறாந்தை என்று நாள் நகரும்போது, கணினியை வைப்பதற்குக் கிடைப்பது சில இடங்களில் பிளாஸ்டிக் மேசை, சில இடங்களில் பாடசாலை வாங்கு, சில இடங்களில் வெறும் கதிரை மட்டுமே. ஆகவே இந்த மதிப்பீட்டில் ஸ்டாண்டின் அழகையோ நிறத்தையோ பற்றி நான் அதிகம் பேசப்போவதில்லை. கிடைக்கும் மேசை எதுவாக இருந்தாலும் அதன்மேல் இது நிற்குமா, இந்த ஊரின் உப்புக்காற்றையும் வெயிலையும் தாங்குமா என்பவையே எனக்கு முக்கியமாகப்பட்டன.

ஸ்டாண்ட் எதற்கு என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமான கணக்கொன்று உண்டு. கதிரையில் நிமிர்ந்து அமரும் நடுத்தர உயரமுள்ள ஒருவரின் கண்மட்டம் தரையிலிருந்து ஏறத்தாழ 115 முதல் 120 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கும். வழக்கமான மேசையின் உயரம் 72 முதல் 75 சென்ரிமீற்றர். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழேயோ இருக்க வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. 14 அங்குல மடிக்கணினியொன்றைத் திறந்து வைத்தால் அதன் மேல்விளிம்பு மேசையிலிருந்து 20 சென்ரிமீற்றர் அளவிலேயே நிற்கும். எஞ்சிய 20 சென்ரிமீற்றருக்கும் மேற்பட்ட இடைவெளியை நமது கழுத்துத்தான் குனிந்து ஈடுசெய்கிறது. நியூயோர்க்கைச் சேர்ந்த முதுகெலும்புச் சத்திரசிகிச்சை நிபுணர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட கணிப்பொன்றின்படி, நிமிர்ந்திருக்கும்போது 5 கிலோகிராம் அளவில் கழுத்தில் இறங்கும் தலையின் சுமை, 30 பாகை குனியும்போது 18 கிலோகிராமாகவும் 60 பாகை குனியும்போது 27 கிலோகிராமாகவும் உயர்கிறது. இது கணினி மாதிரியொன்றில் இருந்து பெறப்பட்ட கணக்கே தவிர மனிதர்களின் கழுத்தில் நேரடியாக அளந்தது அல்ல. எனினும், மாலையில் தோள்பட்டையைத் தேய்த்துக்கொண்டு வீடு திரும்பும் எவருக்கும் அதன் திசை புரியும். ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிட வேண்டும். பைஃபோகல் கண்ணாடி அணிபவர்கள் வில்லையின் கீழ்ப்பகுதியால் பார்ப்பதனால், திரையைக் கண்மட்டத்துக்கு உயர்த்தினால் தலையைப் பின்னால் சாய்க்க நேரிடும். அவர்களுக்குத் தாழ்ந்த நிலையே பொருத்தம்.

நான் மிக அதிகமாகப் பயன்படுத்தியது நெக்ஸ்டாண்ட் கே2 என்னும் நைலோன் ஸ்டாண்ட். இதே அமைப்பை முதலில் பரவலாக அறியச் செய்தது 2013இல் கிக்ஸ்டார்ட்டர் மூலம் நிதி திரட்டி வெளிவந்த ரூஸ்ட் என்னும் அமெரிக்கத் தயாரிப்பு. ரூஸ்ட் எடையில் குறைந்தது, ஏறத்தாழ 170 கிராம்; ஆனால் விலை நெக்ஸ்டாண்டைப் போல இரண்டு மடங்கு அளவில் இருப்பதால், கப்பற்செலவையும் வரியையும் சேர்த்துப் பார்த்தபின் அதை நான் விட்டுவிட்டேன். நெக்ஸ்டாண்டின் எடை 234 கிராம். மடித்தால் 35 சென்ரிமீற்றர் நீளமுள்ள ஒரு தடிபோல் ஆகிவிடும். படுவான்கரையில் ஒரு கூட்டத்துக்கு முன் இதைப் பையிலிருந்து எடுத்தபோது, முன்வரிசையில் இருந்த அம்மா ஒருவர், "இதென்ன மனே, தூண்டிலா?" என்று கேட்டார். விரித்துக் கணினியை மேலே ஏற்றியதும் கூட்டம் சற்று நேரம் இந்தப் பொருளைப் பற்றியதாகவே ஆகிவிட்டது.

இதை விரிப்பதற்குச் சில விநாடிகள் போதும். இரு கால்களிலும் எட்டு உயரநிலைகள் உள்ளன. இரு பக்கத்தையும் ஒரே நிலையில் வைக்க வேண்டும் என்பதை மட்டும் கவனித்தால் போதும், இல்லாவிட்டால் கணினி ஒரு பக்கம் சரிந்து நிற்கும். 14 முதல் 32 சென்ரிமீற்றர் வரை உயர்த்தலாம் என்பதால் மேலே சொன்ன இடைவெளியை இது முழுமையாக நிரப்புகிறது. பெரும்பாலான மேசைகளில் எனக்கு நடு நிலைகளே போதுமாக இருந்தன. முன்பக்கத்தில் உள்ள இரண்டு கொக்கிகள் மடிக்கணினியின் முன்விளிம்பைப் பிடித்துக்கொள்ள, பின்பகுதி ஸ்டாண்டின் கைகளின்மேல் படிந்திருக்கும். அடிப்பக்கம் திறந்தவெளியாக இருப்பதனால் விசிறித் துளைகள் அடைபடுவதில்லை. இது நமது வெப்பத்தில் சிறிய விடயம் அல்ல. தயாரிப்பாளர் 9 கிலோகிராம் வரை தாங்கும் என்கிறார். எனது கணினி அதில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை என்பதால் அந்த எல்லையைச் சோதிக்க வேண்டிய தேவை எனக்கு எழவில்லை.

குறைகளும் உண்டு. கொக்கிக்குள் செல்லும் முன்விளிம்பு ஏறத்தாழ 2 சென்ரிமீற்றருக்கு மேல் தடித்திருந்தால் கணினி பொருந்தாது. விளையாட்டுக்கென வரும் தடித்த கணினிகளும், அலுவலகங்களில் இன்னும் உயிரோடு இருக்கும் பழைய கணினிகளும் இதில் அடிபட்டுப் போகின்றன. முன்விளிம்பில் நினைவக அட்டைக்கான துளையிருந்தால் கொக்கி அதை மறைக்கக்கூடும். கணினி ஸ்டாண்டில் இருக்கும்போது மூடியை முழுமையாக மூட இயலாது. ஆகவே, கூட்டத்தின் நடுவே தேநீர் வந்து, பக்கத்தில் சிறுவர்கள் ஓடித்திரியும் இடத்தில், மூடிவிட்டு எழுந்து செல்வது என்ற வசதி இல்லை. இறக்கி வைத்துவிட்டே எழ வேண்டும்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய விடயம் விசைப்பலகை. கணினியை 20 சென்ரிமீற்றர் உயர்த்தியபின் அதன் சொந்த விசைப்பலகையில் தட்டச்சு செய்வது இயலாத காரியம். மணிக்கட்டு வளைகிறது, ஒவ்வொரு தட்டலுக்கும் திரை ஆடுகிறது. ஆகவே தனியான புளூடூத் விசைப்பலகையும் மௌஸும் தேவை. நான் வைத்திருக்கும் லொஜிடெக் கே380இன் எடை 423 கிராம். ஸ்டாண்டின் எடையைப் போல அது ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஸ்டாண்ட் விற்பவர்கள் தமது பொருளின் எடையைப் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். அதனோடு சேர்ந்து பையில் ஏறும் பொருட்களின் எடையை எவரும் போடுவதில்லை. மௌஸையும் சேர்த்தால் முக்கால் கிலோகிராம் அளவில் கூடுகிறது. மோட்டார் சைக்கிளில் முதுகுப்பையுடன் வவுணதீவுக்குப் போய்வருபவருக்கு அந்த முக்கால் கிலோ தெரியும்.

எடையைக் குறைக்கலாம் என்று மூன்றாக மடியும் சிறிய விசைப்பலகைகளை நாடுபவர்களுக்குத் தமிழில் தட்டச்சு செய்யும் ஒருவனாக ஓர் எச்சரிக்கை. பாமினி முறையில் பழகிய கைகளுக்கு மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளி விசையிலும், ஜகரம் சதுர அடைப்புக்குறி விசையிலும் இருக்கின்றன. சிறிய விசைப்பலகைகளைச் செய்பவர்கள் இடம் போதாமல் முதலில் சுருக்குவது வலப்பக்கத்திலுள்ள இந்த விசைகளைத்தான். ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு அது ஒரு சிறிய அசௌகரியம். நமக்கோ ஒவ்வொரு சொல்லிலும் புள்ளி வைக்கத் தடுமாறும் நிலை. கூட்ட அறிக்கையை அந்த இடத்திலேயே தமிழில் எழுதி முடிக்க வேண்டியவர்கள் வலப்பக்க விசைகள் முழு அளவில் உள்ள விசைப்பலகையையே எடுத்துச் செல்ல வேண்டும்.

இரண்டாவது வகை, கடைகளில் மிக இலகுவாகக் கிடைப்பது: குறுக்காக மடியும் அலுமினிய ஸ்டாண்ட். பல பெயர்களில், பல சமயம் பெயரே இல்லாமலும் வருகிறது. விலை குறைவு, கையில் எடுத்தால் நைலோனைவிட உறுதியாகத் தெரியும், தடித்த கணினியையும் மறுப்பின்றி ஏற்றுக்கொள்ளும். உயரம் மட்டும் குறைவு. பெரும்பாலானவை திரையைச் சில அங்குலங்களே உயர்த்துகின்றன. ஆனால் அந்தக் குறைவான உயரத்திலும் ஒரு நன்மை இருக்கிறது. கணினியின் சொந்த விசைப்பலகையிலேயே ஓரளவு தட்டச்சு செய்யலாம், வேறு எதையும் சுமக்க வேண்டியதில்லை. பதிவேடுகளைப் பார்த்துச் சரிபிழை செய்வது போன்ற, நீண்ட தட்டச்சு இல்லாத வேலைகளுக்கு இது போதும்.

இதன் உண்மையான பலவீனம் கடற்கரையில்தான் வெளிப்படுகிறது. கல்லடியிலோ காத்தான்குடியிலோ கடலுக்குக் கிட்ட இருக்கும் வீட்டில் யன்னல் கம்பிகள் எப்படிக் கறள் பிடிக்கின்றன என்பதை நாம் எல்லோரும் அறிவோம். அலுமினியம் இரும்பைப் போலக் கறள் பிடிப்பதில்லை என்பது உண்மை. ஆனால் மலிவான ஸ்டாண்டுகளின் மூட்டுக்களில் உள்ள திருகாணிகளும் ஆணிகளும் அலுமினியத்தால் ஆனவை அல்ல. உப்பு ஈரம் படியும்போது சாதாரண உருக்குத் திருகாணி முதலில் சிவக்கிறது. இரண்டு வேறு உலோகங்கள் உப்பு நீரால் தொடுக்கப்பட்டால் அவற்றுக்கிடையே மின்வேதியியல் தாக்கம் நிகழ்வதனால், திருகாணியைச் சுற்றியுள்ள அலுமினியமும் அரிக்கப்பட்டு வெண்ணிறத் தூளாகப் படியத் தொடங்குகிறது. மேற்பூச்சு உரசிப்போன இடங்களில் இது விரைவாக நடக்கும். எனது ஸ்டாண்டில் இடப்பக்க மூட்டு முதலில் இறுகியது. விரிக்கும்போது மணல் அரைபடும் ஒலி எழுந்தது. பிறகு அந்தப் பக்கம் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. தையல் இயந்திர எண்ணெய் சில துளிகள் விட்டு, உலர்ந்த துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றுடன் பையில் வைத்தபின் நிலைமை தேறியது. கே2இல் எனது கைக்குப் படும் பாகங்களில் கறள் பிடிக்கக்கூடிய எதையும் நான் காணவில்லை. உள்ளூரில் வாங்குவோருக்கு உலோகமே உறுதி என்ற எண்ணம் இயல்பாக இருக்கிறது. கரையோரத்தில் வசிப்பவர்களைப் பொறுத்தவரை, இந்தப் பொருளில் நான் அதற்கு மாறாகவே சொல்வேன். அம்பாறை நகரம் போன்ற உட்பகுதிகளில் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை அவ்வளவாக இல்லை.

அலுமினிய ஸ்டாண்டுகளின் றப்பர் ஒட்டுக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கணினி வழுக்காமல் இருப்பதற்காக ஒட்டப்பட்ட இந்தத் துண்டுகள் பசையால் நிற்பவை. ஸ்கூட்டரின் இருக்கைக்குக் கீழே உள்ள பெட்டியில் நண்பகல் வெயிலில் வைத்தால் பசை இளகி, றப்பர் துண்டு தன் இடத்தைவிட்டு நகர்ந்து, அதன் பின்னால் ஒட்டும் கறை கணினியின் அடிப்பக்கத்தில் படிகிறது. இணையவழியில் வாங்கிய எனது ஸ்டாண்டில் ஒரு துண்டு பெட்டிக்குள்ளேயே கழன்று கிடந்தது. விற்பனையாளரிடம் தெரிவித்தபோது வந்த பதில் ஒரு சிரித்த முகக்குறி மட்டுமே.

மூன்றாவது, கணினியின் அடியில் ஒட்டியபடியே இருக்கும் மெல்லிய மடிப்பு ஸ்டாண்ட். மொஃப்ட் என்னும் தயாரிப்பு இதில் பெயர்பெற்றது. மூன்று மில்லிமீற்றர் அளவே தடிப்பு, 15, 25 பாகை என்று இரண்டு சாய்வுகள். இதை எடுத்துச் செல்வதே தெரியாது, மறந்துவிட்டுப் போகவும் முடியாது. கொழும்புக்கு உதயதேவி ரயிலில் போகும்போது மடியில் கணினியை வைத்து வேலை செய்பவர்களுக்கு இதுவொன்றே பயன்படும். மற்றவை அனைத்துக்கும் மேசை வேண்டும். கழுத்துக்கு இது தரும் உயரம் போதாது. அடிப்பக்கத்தில் காற்றுத் துளைகள் உள்ள கணினிகளில் இதை ஒட்டினால் துளைகள் மூடப்படும் என்பதால், ஒட்டுவதற்கு முன் கணினியைப் புரட்டிப் பார்ப்பது அவசியம்.

டெப்லட்டுக்கான ஸ்டாண்ட் வேறொரு விதமான பொருள். மடிக்கணினி ஸ்டாண்டில் திரையை நாம் தொடுவதில்லை. டெப்லட்டில் வேலையே தொடுவதுதான். வீடுவீடாகச் சென்று தகவல் திரட்டிய பின் கோபோ போன்ற செயலியில் படிவங்களைச் சரிபார்க்கும்போது, ஒவ்வொரு கேள்விக்கும் விரல் திரையின் மேற்பகுதியை அழுத்துகிறது. 10 அங்குல டெப்லட்டொன்று அரைக் கிலோகிராம் அளவில் இருக்கும். அதை ஒற்றைத் தண்டின் நுனியில் உயர்த்தி வைத்து, நுனியிலேயே அழுத்தினால், அடித்தட்டு பாரமற்றதாக இருக்கும் ஸ்டாண்ட் பின்னால் சாய்கிறது. கையடக்கத் தொலைபேசிக்கென்று செய்யப்பட்டு, டெப்லட்டுக்கும் பொருந்தும் என்று பெட்டியில் அச்சிடப்பட்ட ஸ்டாண்டுகளில் இதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு மூட்டுக்கள் கொண்ட, அடித்தட்டு உலோகமாக உள்ள வகை நன்றாக நிற்கிறது. அதன் மூட்டுக்களை இறுக்குவதற்கான சிறிய அறுகோணச் (அலன்) சாவி கூடவே வருகிறதா என்று பார்க்க வேண்டும், ஏனெனில் அந்த மூட்டுக்கள் காலப்போக்கில் தளர்வது நிச்சயம். படிவம் நிரப்புவதற்கு டெப்லட்டை நிமிர்த்தி வைப்பதைவிட, 20 முதல் 30 பாகை வரை தாழ்த்திச் சாய்த்து வைப்பதே கைக்கு இதம். நிமிர்ந்த நிலை சூம் கூட்டங்களுக்கு மட்டும் தேவைப்படுகிறது.

இனி, எல்லா ஸ்டாண்டுகளுக்கும் பொதுவான மேசைப் பிரச்சினைக்கு வருகிறேன். பலநோக்கு மண்டபங்களில் கிடைக்கும் வார்ப்புப் பிளாஸ்டிக் மேசையின் நடுப்பகுதி வளைந்து கொடுக்கும். பல மேசைகளின் நடுவில் குடை சொருகுவதற்கான துளையும் உண்டு. கே2இன் கால்கள் மேசையைத் தொடும் பரப்பு சிறியது. நடுவில் வைத்தால் நாம் விசைப்பலகையில் கைவைக்கும் ஒவ்வொரு தடவையும் மேசை அமிழ்ந்து திரை தலையாட்டும். மேசைக் கால்களுக்கு மேலாக, மூலையை ஒட்டி ஸ்டாண்டை வைத்து, விசைப்பலகையை நடுப்பக்கம் வைத்தால் ஆட்டம் பெரிதும் குறைகிறது. பாடசாலை மேசைகள் சில முன்பக்கம் சரிந்தவை. அவற்றில் கொக்கியுள்ள கே2 மட்டுமே பாதுகாப்பாக நின்றது, அலுமினிய ஸ்டாண்ட் கணினியோடு சேர்ந்து மெல்ல நகர்ந்தது. சரிந்த மேசையில் ஈரத்துணியொன்றைப் பிழிந்து விரித்து அதன்மேல் வைப்பது ஒரு தற்காலிக வழி.

காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் விறாந்தையில் அமர்ந்து வேலை செய்தால், 20 சென்ரிமீற்றர் உயர்த்தப்பட்டு நிமிர்ந்து நிற்கும் திரை காற்றை முழுவதுமாக வாங்குகிறது. கணினியின் பாரம் இருப்பதால் விழுந்துவிடாது. ஆனால் இடைவிடாத சிறு நடுக்கம் கண்ணை விரைவில் களைக்க வைக்கிறது. அந்த நேரத்தில் உயரத்தை இரண்டு நிலைகள் குறைத்து, சுவருக்கு முதுகு காட்டும் பக்கமாகத் திரையைத் திருப்புவதே எனது வழக்கம். டெப்லட் ஸ்டாண்டை அத்தகைய இடத்தில் நான் விரிப்பதே இல்லை.

எவருக்கு எது என்று கேட்டால், நாளில் பாதிக்கு மேல் தட்டச்சு செய்பவருக்கும் கரையோரத்தில் வசிப்பவருக்கும் கே2ஐயோ அதே அமைப்பிலுள்ள வேறொன்றையோ தயக்கமின்றிச் சொல்வேன், தனி விசைப்பலகைக்கும் பணம் ஒதுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ பல்கலைக்கழகத்தில் படிக்கும் மாணவர்களுக்கு, விடுதி மேசைக்கும் நூலகத்துக்கும் இடையில் மட்டும் கணினி நகரும் என்றால், அலுமினிய வகையே செலவுக்கு ஏற்றது. கே2இன் அமைப்பைப் பார்த்துச் செய்யப்பட்ட போலிகளும் சந்தையில் உள்ளன. சிலவற்றில் நைலோனுக்குப் பதிலாக உடையக்கூடிய சாதாரண பிளாஸ்டிக்கே இருக்கிறது. கால்களைப் பாதி விரித்து மெல்ல முறுக்கிப் பார்த்தால், நல்ல நைலோன் சற்று வளைந்து திரும்பும். மட்டமான பிளாஸ்டிக் விறைத்து நின்று 'கிறீச்' என்று ஒலியெழுப்பும்.

கடையில் வாங்குபவர்கள் தமது கணினியைக் கையோடு எடுத்துச் சென்று, ஸ்டாண்டில் ஏற்றி, கடைக்காரரின் கண்ணாடிப் பெட்டிமேல் அல்லாமல் அங்கிருக்கும் ஏதாவது பிளாஸ்டிக் கதிரையின்மேல் வைத்துத் தட்டிப் பார்க்கலாம். இணையவழியில் வாங்குபவர்கள் முன்விளிம்பின் தடிப்பை மில்லிமீற்றர் அளவுகோலால் அளந்து வைத்துக்கொண்டு, விற்பனையாளர் தரும் கொக்கியின் அளவோடு ஒப்பிட வேண்டும். அந்த அளவைத் தராத விற்பனையாளரிடம் வாங்காமல் இருப்பதே நல்லது.